அட்டையில் இல்லாத பதில்

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் எத்தனை மணிக்குக் குழாய் திறக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் மாடியில், படிக்கட்டுக்கு நேரெதிரே வீடு அமைந்துவிட்டால் யாருக்குத்தான் தெரியாது? ஏறுகிறவரும் இறங்குகிறவரும் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். கதவைச் சாத்தி வைக்கலாமே என்பார்கள். காற்று வேண்டாமா?

எனக்கு நேர் மேலே இரண்டாம் மாடியில் மூன்று பெண்கள். அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா. அவள் புருஷன் எங்கே இருக்கிறான் என்பதும் எனக்குத் தெரியும், ஆனால் இந்தக் கதைக்கு அவன் வேண்டாம். மூத்தவளுக்கு இருபத்தாறு வயது. சின்னவளுக்குப் பதினாறு.

சின்னவளுக்கு வானொலி என்று பேர் வைத்தவள் நான்தான். காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்தால் படுக்கும்வரை ஒலிபரப்பு. பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு பேசவில்லை, கணக்கு வாத்தியார் எந்தச் சட்டையை இரண்டு நாள் போட்டார், எல்லாம் படியேறும்போதே எனக்கு வந்து சேர்ந்துவிடும். "அத்தை, செய்தி கேளுங்க!" என்றுதான் வருவாள். எனக்கு வாரிசு என்று நினைத்துக்கொள்வேன்.

மூத்தவளுக்கு மூளைக்காரி என்ற பேரை நான் மட்டும் வைக்கவில்லை, எல்லோருமாகச் சேர்ந்து வைத்தோம். ஊரின் அந்தக் கோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளின் மூளை எப்படி வளர்கிறது, அவர்கள் மனசுக்கு எப்போது, ஏன் நோவு வருகிறது என்று அங்கே ஆராய்கிறார்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கியெடுத்து, இரண்டு வருஷம் பழக்கி, ஆராய்ச்சியாளர்களாக வெளியே அனுப்புவார்கள். அந்தப் பன்னிரண்டில் இவளும் ஒருத்தி. சேர்ந்த அன்று இனிப்போடு வந்து எனக்கு விளக்கம் வேறு சொன்னாள்.

"பன்னெண்டு வயசுலேந்து இருபத்தஞ்சு வரைக்கும் மூளை மாறிட்டே இருக்கும் அத்தை."

"இருபத்தஞ்சுக்கு அப்புறம்?"

"அப்புறம் உங்கள மாதிரிதான். சொன்னா கேக்காது."

முதல் வருஷம் முழுக்க மேல்வீட்டில் ஒரே கூத்து. மூளையைப் படம் பிடிக்கிற இயந்திரத்துக்குள் பிள்ளைகள் அசையாமல் படுக்க வேண்டுமாம். தலை ஒரு நெல்லளவு நகர்ந்தாலும் படம் கலங்கிவிடுமாம். பயப்படுகிற பிள்ளையை எப்படிப் பழக்குவது என்று இவள் பழக வேண்டும். அதற்காகக் குளிர்பெட்டி வந்த அட்டைப்பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கடியில் சொருகி, கைப்பேசியில் டக் டக் டக்கென்று அந்த இயந்திரத்தின் சத்தத்தை ஓடவிட்டு, ஒவ்வொருவராக உள்ளே தள்ளினாள். என்னையும் தள்ளினாள். உள்ளே போகும்போது இருந்த முட்டி வெளியே வரும்போது இல்லை. வானொலிதான் கையில் கடிகாரத்தோடு நேரம் பார்ப்பாள். "அத்தை அசைஞ்சுட்டாங்க! வாயும் அசைஞ்சுது!" என்று அவள் கத்தியது கீழ்வீடுவரை கேட்டது.

இரண்டாம் வருஷம் தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் வானொலி ஓய்ந்தது. ஒரே நாளில் இல்லை. முதலில் செய்திகள் குறைந்தன. பிறகு "வரேன் அத்தை" மட்டும். பிறகு அதுவும் இல்லை, தலையாட்டல்தான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மெச்சினோம். "பொண்ணு அடக்கமாயிட்டா" என்றாள் மூன்றாம் மாடிக்காரி. "வயசு வந்தா தானா வரும்" என்றேன் நான். கண்ணாடிக்காரம்மாவுக்குக்கூட முகத்தில் ஒரு நிம்மதி. இத்தனை நாள் அந்தப் பிள்ளையின் வாய்க்காக எத்தனை பேரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள்! மூளைக்காரியிடம் கேட்டால் அதற்கும் பாடத்திலிருந்து பதில் இருந்தது. "இந்த வயசுல தூக்கம் மாறும், பேச்சு குறையும், கதவைச் சாத்திப்பாங்க. சகஜம்தான் அத்தை. எங்களுக்கு இதுக்கே தனியா ஒரு வாரம் வகுப்பு."

அந்த நாட்களில்தான் அவளுக்குப் பேட்டிப் பயிற்சி வந்தது. பிள்ளைகளிடம் மனசைப் பற்றிக் கேட்பதற்கென்றே ஒரு கேள்வித்தாள். எழுபதுக்கு மேல் கேள்விகள். அச்சில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது, எடுத்துக் கொடுக்கக் கூடாது. நிஜப் பிள்ளைகளிடம் போவதற்கு முன்னால் பத்துப் பேட்டி பழகிக் காட்ட வேண்டும். பழக்கத்துக்கு உட்காருகிறவர் கையில் ஓர் அட்டை கொடுத்துவிடுவார்கள். அதில் கற்பனையாய் ஒரு பிள்ளையும் அதன் பதில்களும் இருக்கும். அதைப் பார்த்துச் சொன்னால் போதும். எல்லாம் ஒலிப்பதிவு. அந்தப் பதிவுகளை அங்கே ஒரு மேடம் கேட்டு மதிப்பெண் போடுவார். யார் எடுத்த பேட்டி என்று அவருக்கே தெரியாது, எண் மட்டும்தான் இருக்கும்; கேள்வி கேட்கிறவர் குரலைக்கூட மாற்றித்தான் கொடுப்பார்கள். பாரபட்சம் கூடாதாம்.

ஆறாவது பேட்டிக்கு நான் உட்கார்ந்தேன். எனக்கு வந்த அட்டையில் தூக்கம் வராத பதினைந்து வயதுப் பையன். நான் விடுவேனா? குரலை உடைத்து, மூக்கை உறிஞ்சி, கடைசியில் ஒரு விம்மல். அவள் பதிவை நிறுத்தினாள்.

"அத்தை, அட்டையில அழுகைன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"பையன் பாவமா இருந்தான்டி."

"பையனே இல்ல அத்தை. அது அட்டை."

ஒன்பது பேட்டி முடிந்தது. பத்தாவதுக்கு வருகிறேன் என்றிருந்த தையற்காரர் மகள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம்; திங்களன்று பத்தையும் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேர்வுக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது, நான்தான் சொன்னேன்: "உள்ளயே ஒருத்தி சும்மா படுத்திருக்காளே, அவளை உக்கார வை."

"வீட்டு ஆளுங்கள வச்சுப் பண்ணக் கூடாது அத்தை. கண்டிப்பான விதி."

"அது ஏன்?"

"பழகினவங்க சொல்றது நம்ம காதுல விழாதாம். நமக்கு ஏற்கெனவே தெரிஞ்சதுதான் விழுமாம். மேடம் சொல்வாங்க."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தாள்.

அந்தத் தாளில் பேட்டி கொடுப்பவரின் வீட்டுப் பெரியவர் ஒருவருடைய தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். ஏதாவது அவசரம் என்றால் மட்டும் திறந்து பார்ப்பார்களாம். மூளைக்காரி அதில் என் எண்ணை எழுதினாள்.

"அத்தை, யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா, உங்க அண்ணன் பொண்ணுன்னு சொல்லிடுங்க. வேற யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. எங்கம்மாகிட்டகூட."

"என்னை நம்பி ரகசியமா?"

"வேற வழியில்லாமதான்."

வானொலி எழுந்து வந்தாள். தலைகூட வாரவில்லை. அவளுக்குக் கிடைத்தது சுலபமான அட்டை; பரீட்சை என்றால் கொஞ்சம் பயம், மற்றபடி ஒரு குறையும் இல்லாத பெண். அக்காவும் தங்கையும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான் போயிருக்க வேண்டும். ஆனால் என் கையில் தேநீர் பாதி இருந்தது.

கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. இல்லை, இல்லை, சில நேரம், இல்லை. பெண் அட்டையைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பாதிக்கு மேல் போயிருக்கும்.

"கடந்த ஒரு மாதத்தில், உயிரோடு இருக்க வேண்டாம் என்று நினைத்தது உண்டா?"

வானொலி அட்டையைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தன் பள்ளிச்சட்டையைப் பார்த்தாள்.

"உண்டு" என்றாள்.

மூளைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், அட்டையில 'இல்லை'ன்னு போட்டிருக்குடி. பாத்துச் சொல்லு, பதிவு ஓடுது."

அவள் குனிந்து அட்டையைப் பார்த்தாள். "ஓ. சரி. இல்லை."

நானும் சிரித்தேன். "வாயாடியே பொழப்பா இருந்தவ, ஒரு வார்த்தை பாத்துப் படிக்க வரல பாரு."

அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றி. முடிந்ததும் வானொலி அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரியா பண்ணேனா?" என்று கேட்டாள். "தேறிடுவ" என்றாள் அக்கா. அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சாதாரணமாக இப்படி ஒன்று என் கையில் கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் நாலு வீட்டில் சொல்லிச் சிரித்திருப்பேன். சொல்லவில்லை. பிள்ளைக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன். நாக்கின் நுனிவரை வந்ததை எத்தனை தடவை விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். சொல்லியிருந்தால் மூன்றாம் மாடிக்குப் போய், அங்கிருந்து கடைத்தெருவுக்குப் போய், ஒரே வாரத்தில் கண்ணாடிக் கடைக்கே போயிருக்கும். அங்கே ஒருத்தி அதைக் கேட்டுச் சிரித்திருக்க மாட்டாள்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. நிதானமான பெண் குரல். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது.

"ஒரு பதினாறு வயசுப் பொண்ணு பழக்கப் பேட்டி கொடுத்திருக்கா. தொடர்புக்கு இந்த எண் இருக்கு. நீங்க அவளுக்கு?"

"அத்தைம்மா. என் அண்ணன் பொண்ணு" என்றேன். மூச்சுகூட விடவில்லை, அப்படி வந்தது.

"அவ எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா."

பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற அந்த மேடம்தான் அது. "அட்டையைப் பாத்துச் சொல்றவங்க உடனே சொல்லிடுவாங்கம்மா. இந்தப் பொண்ணு ஒரு கேள்விக்கு ஒன்பது விநாடி எடுத்துக்கிட்டா. அப்புறம் அட்டையில இல்லாத பதிலைச் சொன்னா."

"ஐயோ, அது விளையாட்டுப் பிள்ளைம்மா. நடிப்புல பெரிய ஆளு. எங்க பக்கமே அப்படித்தான்."

"இருக்கலாம். நடிப்பா இருந்தா எனக்குச் சந்தோஷம். ஆனா இன்னிக்கே நீங்க அவகிட்ட தனியா பேசணும். சுத்தி வளைக்காம நேராவே கேளுங்க. கேட்டா இல்லாத எண்ணம் வந்துடுமோன்னு பயப்படாதீங்க, வராது. கேட்டுட்டு எனக்குச் சொல்லுங்க."

எண்ணைச் சொன்னார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். மூளைக்காரியிடம் இதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தேர்வு. வீட்டு ஆளை வைத்துப் பேட்டி எடுத்தது வெளியே தெரிந்தால் பிள்ளையின் ஒன்றரை வருஷப் படிப்பு மண்ணாய்ப் போகும். அவள் மனசைக் குழப்ப வேண்டாம் என்று என் பாட்டுக்கு முடிவு செய்தேன். அடுத்தவர் விஷயத்தில் முடிவெடுப்பது எனக்கு எப்போதுமே சுலபம்.

அன்று மாலை வானொலி பள்ளிவிட்டு வந்தாள். நான் வாசலில்தான் நின்றிருந்தேன். கேட்கத்தான் நின்றேன், பொய் சொல்லவில்லை. ஆனால் எப்படிக் கேட்பது? உன் பேட்டியைக் கேட்டு மேடம் கூப்பிட்டார் என்றால் அவள் அக்காவிடம் சொல்வாள், அக்கா அழுவாள். நேராகக் கேள் என்றால், ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படியொரு வார்த்தையை வாயால் கேட்க முடியுமா? அவள் என்னைத் தாண்டி மூன்று படி ஏறிவிட்டாள். பிறகு நின்றாள்.

"என்ன அத்தை, இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளாக வாயைத் திறந்து பேசியது. கைப்பிடியில் கை, பை ஒரு தோளில். இறங்கி வரச் சொன்னால் வந்திருப்பாள் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

"நான் என்னடி கேக்கப் போறேன்? போ, போய்ச் சாப்பிடு" என்றேன்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். போனாள்.

மறுநாள் மேடம் திரும்பக் கூப்பிட்டார். "கேட்டீங்களா?"

"கேட்டேம்மா. சிரிக்கிறா. அட்டையைச் சரியாப் பாக்கலையாம்."

"சரிம்மா. ஆனாலும் எனக்கு ஒரு தடவை அவளைப் பாக்கணும். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வர முடியுமா?"

"தாராளமா" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

வியாழக்கிழமை மாலை கண்ணாடிக்காரம்மா வேலையிலிருந்து வந்தபோது வீடு உள்ளே தாழிட்டிருந்தது. பிறகு ஆட்கள் வந்து திறந்தார்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சொல்கிறவள்தான், இதை மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்த மூன்று நாள் படிக்கட்டு முழுக்கச் செருப்பு. வந்தவர்கள் எல்லாம் மேலே போவதற்கு முன் என் வாசலில் நின்றார்கள். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, யாராவது பையனா, பள்ளிக்கூடத்துல ஏதாவதா? இந்தக் கட்டடத்தில் எதுவென்றாலும் என்னைத்தானே கேட்பார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உள்ளே காற்றே இல்லை.

மேடம் மூன்றாம் நாள் வந்தார். தன்னிடம் படிக்கிற பெண்ணின் தங்கை போய்விட்டாள் என்று கேள்விப்பட்டுத் துக்கம் கேட்க வந்தார். அவருக்கு வேறொன்றும் தெரியாது. எண்ணைத்தானே பார்த்திருக்கிறார், ஆளை எங்கே பார்த்தார்? ஒல்லியாக, நரைத்த தலையோடு, கண்ணாடிக்காரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூளைக்காரி சுவரோடு சாய்ந்திருந்தாள். யார் வந்தார்கள் என்றே பார்க்கவில்லை. நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி குடிங்கம்மா" என்றேன்.

டம்ளரை வாங்கிய கை அப்படியே நின்றது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அங்கே காதைத் தீட்டுவதே வேலை. இரண்டு நாள், இரண்டு தடவை கேட்ட குரலை மறப்பாரா? சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்தார். மூளைக்காரியைப் பார்த்தார்.

"உங்களுக்கு அண்ணன் இருக்காரா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லம்மா" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். குடிக்கவில்லை. போகும்போது மூளைக்காரியின் தலையில் கை வைத்து, "எப்போ வரணும்னு தோணுதோ அப்போ வா. தேர்வுக்கு இல்ல, சும்மா என்கிட்ட வா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பேட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்று சொல்லக் கூடாது என்று நினைத்திருப்பார்.

மூளைக்காரி அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் ஆனது. அட்டைப்பெட்டி இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தது, எடுத்துப் போட ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவள் தினமும் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடம் பேசுகிறாள் என்று பார்த்தேன். யாரிடமும் இல்லை. அந்தப் பதிவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தான் சிரித்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஓடவிடுவாள்.

அவள் தன் ஒருத்தி தலையில்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி வந்தது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் தெரியப்போவதும் இல்லை. ஊர்க்கதையெல்லாம் வாந்தியெடுத்த வாயில் இது மட்டும் தங்கிவிடும் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேலே போய் அவளுக்கு எதிரே, தங்கை உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சொன்னேன். செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, படிக்கட்டு, எல்லாம். அவள் குறுக்கே பேசவில்லை. முகம் மாறாமல், எடுத்துக் கொடுக்காமல் கேட்டாள். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

"செவ்வாய் எத்தனை மணி?"

"பதினொண்ணு."

"அவங்க என்ன கேட்டாங்க? அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

"'அவ எப்படி இருக்கா'ன்னு கேட்டாங்க."

"நீங்க பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

"எங்க எடுத்துக்கிட்டேன்? உடனே சொல்லிட்டேன்."

தலையை ஆட்டினாள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். பள்ளிச்சட்டையை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

"நானும்தான் அத்தை" என்றாள். "அவ ஒன்பது விநாடி யோசிச்சா. நான் ஒரு விநாடிகூட யோசிக்கல."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. நான்தான் அழுதேன், அட்டையில் போடாத அழுகை. அவள் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்கு மேடத்தைப் பாத்து எல்லாத்தையும் சொல்லப் போறேன். தாள்ல பொய் எழுதினதையும். அப்புறம் அங்க வச்சுக்கறதும் அனுப்பறதும் அவங்க பாடு."

"உங்கம்மாகிட்ட?"

முகம் துடைத்த துண்டை மடித்துக் கொடியில் போட்டாள்.

"இனிமே எதையும் மறைக்காதீங்க அத்தை. யார் கேட்டாலும் சொல்லுங்க. கேக்காட்டியும் சொல்லுங்க. ஒரு பொண்ணு பேசாம ஆயிட்டா அடக்கம்னு நினைச்சோம்னு சொல்லுங்க. அவ உண்டுன்னு சொன்னா, நாம சிரிச்சோம்னு சொல்லுங்க. அம்மாகிட்ட முதல்ல நான் சொல்றேன். நீங்களும் கூட இருங்க."

அப்போதுதான் படிக்கட்டில் சத்தம் கேட்டது. யார் காலடி என்று சொல்ல எனக்குக் கண் வேண்டாம். கண்ணாடிக்காரம்மா அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறாள். என் வாசலருகே ஒரு கணம் நின்றது. நான் அங்கே இருப்பேன் என்று பார்த்திருப்பாள். பிறகு மேலே வந்தது.

மூளைக்காரி எழுந்து கதவைத் திறந்து வைத்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.